செவ்வாய்க்கிழமைத் தேத்தண்ணி

அத்தியாயம் 14

அந்தோனியாருக்கு அடையாள அட்டை கிடையாது. இந்தக் குடும்பத்துக்கு வந்த வில்லங்கம் எல்லாம் அந்த ஒரு குறையிலிருந்துதான் தொடங்கியது.

அடையாள அட்டை இருந்திருந்தால் அவரே வங்கிக்குப் போய்த் தன் பேரில் ஒரு கணக்குத் திறந்திருப்பார். குருநகரில் அந்தச் சந்து ஒழுங்கை முனையில், சின்னஞ்சிறு கூட்டுக்குள் சுருவமாக, புனிதர் சிலையாக நிற்கிற அவருக்கு, ஒழுங்கைப் படகுகள் எல்லாம் பிடித்த மீனில் ஒரு நல்ல மீனை ஒதுக்கி வைப்பது வழக்கம். அதைக் கரையிலேயே ஏலம் கூறி விற்று, வந்த காசை ‘அந்தோனியார் பங்கு’ என்று சேர்ப்பார்கள். அவருடைய திருநாள் அதில்தான் நடக்கும். சேர்ந்த காசு யாராவது ஒரு மனிதப் பிறவியின் பேரில்தானே வங்கியில் கிடக்க வேண்டும்? முதலில் லெனாட்டின் பேரில் கிடந்தது. நெஞ்சு நோகிறது என்று சொன்ன அன்றே லெனாட் போய்ச் சேர்ந்த பிறகு, அவன் மனைவி அற்புதராணியின் பேருக்கு மாறியது. ஆறு வருடமாக அங்கேதான் கிடக்கிறது.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு மிச்சம் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ராணியின் விரல்கள் முடங்கி, கிழிந்த வலை பொத்துகிற வேலை நின்றுவிட்டது. அரசாங்கத்தின் மாதக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தாள். வங்கியில் ஓர் அளவுக்கு மேல் சேமிப்பு உள்ளவர்களுக்கு அது இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அவளும் அதை வெளியே மூச்சு விடாமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டாள். மயிலிட்டியில் கலியாணம் கட்டியிருக்கிற மகள் ஜெசிதாவின் காதுக்கு அது எட்டி, அவள் முதல் பஸ்ஸில் ஏறியதோடு போன வாரம் நிறுத்தினோம்.

வேலிப் படலை திறந்த சத்தத்திலேயே ராணிக்கு விளங்கிவிட்டது, மகள் கோபமாகத்தான் வருகிறாள் என்று.

“அம்மா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“முதலிலை இரு பிள்ளை. தேத்தண்ணி போடுறன்.”

“எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். ஏன் சொல்லேல்லை எண்டு கேக்கிறன்.”

“சொல்லி என்ன செய்யிறது? நீ உன்ரை ரெண்டு குஞ்சையும் பாப்பியோ, என்னைப் பாப்பியோ?”

ஜெசிதா நேரே குசினிக்குள் போனாள். அரிசி வாளியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வேறொரு மூடி. திரும்பி வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

“இரவிலை என்ன சாப்பிடுறனீங்கள்?”

“பாண்.”

“மத்தியானம்?”

“பாணும் சம்பலும் எனக்குப் பிடிக்கும்.”

“எப்ப இருந்து?”

ஜெசிதா கையில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தது. அதைத் தாயின் முன்னால் நீட்டினாள்.

“அரிசி அடிவாளியிலை கிடக்குது. சீனிப் போத்தல் மட்டும் கழுத்துமுட்ட இருக்குது. இதென்ன அம்மா?”

“அது செவ்வாய்க்கிழமைக்கு.”

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உரிய நாள். அன்று பின்னேரம் சுருவக்கூட்டடியில் செபம் முடிந்ததும், கிழமை முழுவதும் சேர்ந்த பங்கைக் கொண்டு ஒழுங்கைச் சனம் ராணியின் வீட்டுக்கு வரும். காசைக் கொடுக்க ஓர் ஆள் போதும். ஆனால் ஏழெட்டுப் பேர் வருவார்கள். வாங்கில் இடம் போதாமல் வாசற்படியிலும் இருப்பார்கள். பிளேன்ரீ குடித்துக்கொண்டு கடலைத் திட்டுவார்கள், எண்ணெய் விலையைத் திட்டுவார்கள், யாருடைய பெட்டைக்கு எங்கே பேச்சு நடக்கிறது என்று கதைப்பார்கள். லெனாட் ஒருமுறை சுறாவைக் கூனி இறால் என்று நினைத்து வலையை இழுத்த கதையை யாராவது நூறாவது தடவையாகச் சொல்ல, எல்லாரும் முதல் தடவைபோலச் சிரிப்பார்கள். நுளம்பு கடித்துக் கலைக்கிற வரைக்கும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். கிழமையின் மற்ற ஆறு நாளும் அந்தப் படலையைத் திறக்க ஒரு சீவன் கிடையாது.

காசு வேறு பேருக்கு மாறினால் இந்தச் சனமும் அந்த வீட்டுக்கு மாறிவிடும். இதைத்தான் மகளிடம் ராணியால் சொல்ல முடியவில்லை. பட்டினி கிடந்தது காசுக்காக இல்லை, சனத்துக்காக என்று பெற்ற பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

“அந்தோனியாற்றை காசை வேறை ஆற்றையும் பேருக்கு மாத்திப்போட்டு, என்னட்டை ஒண்டும் இல்லை எண்டு காட்டினால் முடிஞ்சுது. மறுபரிசீலனைக்கு நாளையோடை தவணை முடியுதாம். பெரியப்பாவுக்கு நான் வழியிலையே போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன். வெளிக்கிடுங்கோ.”

சொல்லி வாய் மூடவில்லை, கிறிஸ்துநாயகம் படலையடியிலேயே சத்தம் வைத்தார். லெனாட்டின் அண்ணன். எழுபதைத் தாண்டியும் குரல் மட்டும் கடலுக்கு நடுவில் நின்று கூப்பிடுகிற குரல்தான். அவருக்குப் பின்னால் அவருடைய மருமகள் கிறிஸ்ரினா, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ராணி, எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதே? நாங்கள் என்ன பிறத்தியே?”

“அப்பிடியில்லை அத்தான்.”

“அந்தக் காசிலையே கொஞ்சத்தை எடுத்துச் செலவழிச்சிருக்கலாமெல்லே? அந்தோனியார் கோவிக்க மாட்டார்.”

“அவர் கோவிக்க மாட்டார் அத்தான். ஒழுங்கை கோவிக்கும்.”

கிறிஸ்துநாயகம் தலையை ஆட்டினார். அவருக்கும் அது தெரியும். ஒரு நாள் கை வைத்தால், ஆறு வருடத்து நம்பிக்கை அன்றோடு சரி.

“அப்ப கிறிஸ்ரினாவின்ரை பேரிலை போடுவம். என்ரை மோன் கட்டாரிலை உழைக்கிறான். அவளுக்கு ஒரு கொடுப்பனவும் தேவையில்லை.”

நியாயமான பேச்சு. மாடி வைத்த வீடு, இரும்புக் கேற், பத்தாக்குறையே இல்லாத கை. காசு இருக்கிற இடத்தில் காசு இருந்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. உதவி வேண்டும் என்றால் அடுத்தவன் நம்பித் தந்ததைக்கூடக் கையில் வைத்திருக்கக் கூடாது போல, என்று ராணி நினைத்துக்கொண்டாள். சேலை மாற்றப் போனாள்.

வங்கியில் குளிர் எலும்பு வரை ஏறியது. படிவத்தில் ராணி கையெழுத்து வைத்தாள். அங்கிருந்த பெண் பிள்ளை அதைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடியும் இதைப் பார்த்தாள்.

“அம்மா, கையெழுத்து ஒத்துவரேல்லை. இன்னொருக்காப் போடுங்கோ.”

விரல்கள் வளையவில்லை. இரண்டாவது முறையும் பிசகியது.

“கை ஏலாது பிள்ளை,” என்றாள் ராணி.

உண்மையைச் சொன்னால், அந்த நேரம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. கையெழுத்து ஒத்துவராவிட்டால் காசு மாறாது. காசு மாறாவிட்டால் இன்று பின்னேரமும் அவர்கள் வருவார்கள். பேனையை இன்னும் ஒருமுறை சறுக்கவிட்டால் போதும். பழியைப் போட முடங்கின விரல் இருக்கவே இருக்கிறது.

அப்போது ஜெசிதா பின்னாலிருந்து அவள் தோளில் கை வைத்தாள். காலையில் அரிசி வாளியைத் திறந்த கை.

ராணி பேனையை இரண்டு கையாலும் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுத்தெழுத்தாகத் தன் பேரை எழுதினாள். அது ஒத்துவந்தது.

வெளியே வந்ததும் கிறிஸ்ரினாவின் கையைப் பிடித்தாள். “இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை பிள்ளை. பின்னேரம் உன்னட்டைத்தான் வருவினம். சவிரிமுத்தருக்குச் சீனி போட்டுக் குடுத்திடாதை, மனுசனுக்குச் சலரோகம். கேப்பார், குடுக்காதை. இஞ்சி தட்டிப் போட்டால் சீனி இல்லாதது தெரியாது.”

“ஐயோ மாமி, உந்தத் தேத்தண்ணிக் கரைச்சல் எனக்கு ஏலாது. சோடா வாங்கி வைச்சிருப்பன். குடிச்சிட்டுப் போகட்டும்.”

கிறிஸ்ரினா கெட்ட பிள்ளை இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ராணிக்குத்தான் யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது.

அங்கிருந்து கொடுப்பனவு கொடுக்கிற அரசாங்கக் கந்தோருக்கு. நிரோஜினி என்ற அந்த உத்தியோகத்தர் பெண் மரியாதையானவள். கதிரையை இழுத்துப் போட்டு ராணியை இருக்கச் சொன்னாள்.

“இப்ப சரி அம்மா. உங்கடை பேரிலை கிடக்கிறது எல்லாம் உங்கடை சேமிப்பு எண்டுதான் கணக்கு. அது ஆற்றை காசு எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியாது.”

“அதுக்கு அந்தோனியாரைத் தெரியாதே பிள்ளை?”

நிரோஜினி சிரித்துவிட்டாள். பிறகு முகத்தைக் கொஞ்சம் உத்தியோகமாக்கிக்கொண்டாள்.

“ஒருக்கா வீட்டை வந்து பாக்கவேணும். வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம், ஆற்றை உழைப்பிலை சீவியம் போகுது எண்டு எழுதோணும். மகன் வெளியிலை எல்லே?”

“பிரான்சிலை. றொகான். அவனுக்கு அங்கை விசாவும் இல்லை, ஒழுங்கான வேலையும் இல்லை. ஒண்டும் அனுப்புறேல்லை.”

“அது காணும். அவர் இஞ்சை வந்து உங்களோடை இருந்தால் வேறை கணக்கு. உழைக்கக்கூடிய ஆம்பிளை இருக்கிற வீடு எண்டு திரும்ப முதலிலையிருந்து பாக்கவேணும். இப்ப நீங்கள் ஒராள் எண்டபடியால் பிரச்சினை இல்லை.”

ஒராள் என்ற சொல்லை அவள் எவ்வளவு நல்ல செய்தியாகச் சொன்னாள்! ராணி நன்றி சொல்லிவிட்டு எழும்பினாள்.

ஜெசிதா சந்தையில் அரிசியும் பருப்பும் வாங்கித் தாயின் கையில் திணித்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வர முதல் அவள் மயிலிட்டியில் நிற்க வேண்டும். பஸ் நிலையத்தில், ஏறப் போகிற நேரத்தில் கேட்டாள்.

“தம்பி கதைச்சவனே?”

“இல்லை. மூண்டு ஞாயிறு போட்டுது.”

“எனக்கும் எடுக்கேல்லை. போனும் வேலை செய்யுதில்லை.” பஸ் படியில் ஒரு காலை வைத்தாள். “அம்மா, எங்களோடை வந்து இருங்கோவன்.”

ஜெசிதாவுடையது இரண்டு அறை வீடு. ஒன்றில் மாமியார் படுக்கையில் கிடக்கிறார். அது ராணிக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும்.

“பாப்பம் பிள்ளை. நீ ஏறு, பஸ் வெளிக்கிடுது.”

பின்னேரம் செபத்துக்கு ராணி வழமையான இடத்தில்தான் முழங்காலில் நின்றாள். முடிந்ததும் வழமைபோல மற்றவர்களுக்கு முன் எழும்பி, வழமைபோல வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். இஞ்சி தட்டினாள். தண்ணீர் வைத்தாள். சில்வர் பேணிகள் எட்டையும் மேசையில் வரிசையாக வைத்துத் தேத்தண்ணியை ஊற்றி முடித்த பிறகுதான் நினைவு வந்தது.

கேத்தலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வேலிக்கு வெளியே செருப்புச் சத்தங்கள் கேட்டன. சவிரிமுத்தரின் இருமல். யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பு. ராணி தன்னை அறியாமல் படலைவரை நடந்துவிட்டாள். கொளுக்கியில் கை வைத்தபோது ஒரு குரல் கேட்டது.

“ராணியக்காவையும் கூப்பிடுவமே?”

“பாவம், விடியத் தொடக்கம் அலைஞ்ச மனுசி. படுத்திருக்கும். கரைச்சல் குடுக்காதேங்கோ.”

அது கிறிஸ்துநாயகத்தின் குரல். அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். செருப்புச் சத்தங்கள் படலையைத் தாண்டிப் போயின. கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையின் மற்றப் பக்கம் கிறிஸ்ரினா வீட்டு இரும்புக் கேற் திறந்து மூடியது.

போயிருக்கலாம்தான். நாலு வீடு தள்ளித்தானே? போனால் யாராவது எழும்பிக் கதிரை தந்திருப்பார்கள். ஆனால் ஆறு வருடம் தன் வாசலில் உபசரித்த சனத்துக்கு நடுவில், கூப்பிடாமல் போய்ச் சோடா வாங்கிக் குடிக்க ராணிக்கு மனம் வரவில்லை. வீம்புதான். அவளிடம் மிச்சம் இருந்ததும் அதுதான். திரும்பி வந்து வாங்கில் இருந்தாள். எட்டுப் பேணியிலும் ஆவி அடங்கிக்கொண்டு வந்தது. லெனாட் செத்த வீடு முடிந்து எல்லாரும் போன பிறகும் இப்படித்தான் இருந்தது என்று தோன்றியது. அழுகை வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் தாராளமாக அழுதாள்.

படலை திறந்தது.

ராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு பாய்ந்து எழும்பினாள். நிரோஜினி.

“குறை நினைக்காதேங்கோ அம்மா. நாளைக்குத் தவணை முடியுது. உங்கடையையும் இண்டைக்கே பாத்து முடிப்பம் எண்டு வந்தன். இருட்டுப்பட்டிட்டுது.”

உள்ளே வந்தவளின் கண் மேசையில் போய் நின்றது.

“ஆரும் விருந்தாளியளோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப வீட்டிலை எத்தினை பேர்?”

“நான் ஒராள்தான்.”

நிரோஜினி ராணியைப் பார்த்தாள். எட்டுப் பேணியைப் பார்த்தாள். பொய் சொல்கிற மனுசி என்று நினைத்திருப்பாளோ? தனியாக இருப்பதற்கும் சாட்சி தேட வேண்டிய நிலைமை ராணிக்கு. நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் விட்டு, பேணிகளை ஒதுக்கத் தொடங்கினாள். சொல்லாத பாதியையும் அந்தப் பிள்ளை விளங்கிக்கொண்டாள் போல. ஒரு பேணியை எடுத்துக் குடித்தாள்.

“இஞ்சி நல்லாயிருக்கு அம்மா,” என்றாள்.

அந்த நேரம் பார்த்து ராணியின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். உள்ளூர் இலக்கம்.

“அம்மா.”

அந்த ஒரு சொல் போதும். ராணி போனோடு குசினிக்குள் போனாள்.

“றொகான்! உது எந்த நம்பர் ராசா?”

“கட்டுநாயக்கா எயார்போட்டிலை நிக்கிறன். பிடிச்சுத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். இரவு பஸ் எடுத்து வாறன். விடியத்தான் வந்து சேருவன்.”

“சாப்பிட்டியே?”

“அம்மா, கவனமாக் கேளுங்கோ. நான் வாறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அக்காவுக்கும் சொல்லாதேங்கோ. ஆராவது என்னைக் கேட்டு வந்தால் இல்லை எண்டு சொல்லுங்கோ. மிச்சம் வந்து சொல்லுறன்.”

தொடர்பு அறுந்தது. ராணி வெளியே வந்தாள். நிரோஜினி பேனையைத் திறந்து வைத்திருந்தாள்.

“அப்ப அம்மா, ஒராள் எண்டு போடட்டே?”

ஓம் என்று ஒரு சொல். அது பொய்யும் இல்லை. மகன் இன்னும் கொழும்புப் பக்கம்தான் நிற்கிறான், இந்த வீட்டில் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காலையிலிருந்து அலைந்தாள். அதற்காகத்தான் தன் செவ்வாய்க்கிழமையையே தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள். ஆனால் வாய் வேறு சொல்லுக்கு ஆசைப்பட்டது. ஆறு வருடமாகச் சொல்லக் கிடைக்காத சொல்.

“ரெண்டு பேர் எண்டு போடு பிள்ளை. என்ரை மோன் வாறான்.”

நிரோஜினியின் பேனை நின்றது.

“யோசிச்சுத்தான் சொல்லுறியளோ? இந்த இருட்டுக்கை வந்ததே உங்களுக்கு இதை எடுத்துத் தாறதுக்குத்தான். அப்பிடி எழுதினால் கிடைக்குமோ தெரியாது.”

“விளங்குது பிள்ளை.”

“ஒராள் எண்டால்...”

“ரெண்டு பேர்.”

ஒருத்தருக்கும் சொல்லாதே என்று மகன் கெஞ்சின சூடு ஆறவில்லை. தாய் அரசாங்கத்துக்கே சொல்லியாயிற்று. பெற்ற மனம் அப்படி. சந்தோசத்தில் அதற்குப் பயம் தெரியவில்லை.

நிரோஜினி போன பிறகு ராணி ஆறின தேத்தண்ணியைக் கேத்தலில் திரும்ப ஊற்றினாள். பேணிகளைக் கழுவிக் கவிழ்த்தாள். இரண்டை மட்டும் மேசையில் நிமிர்த்தி வைத்தாள். ஜெசிதா வாங்கித் தந்த அரிசியை எடுத்து, விடியச் சோறு போடுவதா புட்டு அவிப்பதா என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். றொகானுக்குப் புட்டுத்தான் பிடிக்கும்.

ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து படலைக்கு நேரே நின்றது. வெளிச்சம் அணையவில்லை.

“றொகான்ரை வீடு இதுதானே?”

ஒழுங்கைக் குரல் இல்லை. கேட்டுப் பழகாத குரல். ராணி வாசலுக்கு வந்தாள். இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் கேட்காமலே படலையின் மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

“ஆள் வந்திட்டுதோ?”

லெனாட்டின் கைபோலவே ராணியின் வாயும் சுத்தம் என்று பேர் எடுத்த ஒழுங்கை அது. அவள் மேசையிலிருந்த இரண்டு பேணிகளையும் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“ஆரைக் கேக்கிறியள் தம்பி?” என்றாள். “இஞ்சை நான் ஒராள்தான்.”